தோலோடு வந்த நோய்

(அச்சுவேலியில் நடந்த தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மலையகத்தில் தோட்டம் என்றால் தேயிலை. இங்கே அச்சுவேலியில் தோட்டம் என்றால் வெங்காயமும் புகையிலையும். சொல் ஒன்று, வேலை வேறு. ஆனால் இரண்டு இடத்திலும் ஆடு மாடு வளர்க்கிறோம். மாடு செத்தால் அதன் தோலை உரிப்பதும் நம்மைப் போன்ற ஏழைத் தொழிலாளிதான். அதனால்தான் அந்திராக்ஸ் பற்றிப் பேச வந்தேன். தமிழ்நாட்டில் இதை அடைப்பான் என்பார்கள்.

இங்கிலாந்தில் பிராட்போர்ட் என்பது கம்பளி ஆலைகளுக்குப் பேர்போன நகரம். 19ஆம் நூற்றாண்டில் அங்கே வெளிநாட்டு ஆட்டுமயிர்ப் பொதிகளைப் பிரித்துத் தரம் பார்த்தவர்கள் திடீர் திடீரென்று செத்தார்கள். முதலில் நடுக்கமும் நெஞ்சு இறுக்கமும் வரும், சில நாளில் ஆள் முடிந்துவிடும். சளி, நிமோனியா என்று எழுதிப் புதைத்தார்கள். பெல் என்ற மருத்துவர்தான், இறந்தவர்களின் இரத்தத்தைச் சிறு விலங்குகளுக்கு ஏற்றிப் பார்த்து, 1880 அளவில் இது மாட்டுக்கு வரும் அந்திராக்ஸ்தான் என்று காட்டினார். தொழிலாளிகளுக்கு அது முன்பே தெரியும்: எந்தப் பொதி ஆளைக் கொல்லும் என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள். மருத்துவம்தான் பிந்தி வந்தது.

பிறகு யூரிச் என்ற மருத்துவர் 14,000க்கு மேற்பட்ட கம்பளி மாதிரிகளை ஆராய்ந்து, இரத்தக்கறை படிந்த மயிரில்தான் ஆபத்து அதிகம் என்று கண்டார். இந்தக் கிருமி வித்தாகி உறங்கும். காய்ந்த தோலில், மயிரில், மண்ணில் பல ஆண்டுகள் கிடந்தும் சாகாது. கடைசியில் 1921இல் லிவர்பூல் துறைமுகத்தில் கம்பளியைக் கிருமிநீக்க அரசு நிலையம் கட்டினார்கள். பெல் சொல்லி நாற்பது ஆண்டு கழித்து!

தோலின் கதை இன்னும் மோசம். இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் போன காய்ந்த தோல்களை லண்டன் துறைமுகத்தில் தோளில் சுமந்தவர்களுக்குக் கழுத்தில் புண் வந்தது. முதலில் பூச்சிக்கடி போல ஒரு தடிப்பு, அரிப்பு. பிறகு கொப்புளம். பிறகு நடுவில் கரி போல் கறுத்த பொருக்கு, சுற்றிலும் வீக்கம். வலி இருக்காது. அதுதான் வஞ்சகம். வலிக்காத புண்ணுக்கு யார் ஒருநாள் சம்பளத்தை விட்டு வைத்தியசாலைக்குப் போவார்? கம்பளியைச் சுத்தம் செய்ய வழி கண்டவர்கள் தோலுக்கு எளிதில் வழி காணவில்லை. மருந்து போட்டால் சரக்குக் கெடும், விலை குறையும் என்ற பேச்சுத்தான் பெரிதாக இருந்தது.

ஆனாலும் தொழிலாளர் இயக்கம் ஒன்றைப் பெற்றுத் தந்தது. 1925இல் சர்வதேச தொழில் அமைப்பு, தொழில் நோய்களுக்கு நட்டஈடு கொடுக்க ஒரு சமவாயம் இயற்றியது. அந்தப் பட்டியலில் இருந்தவை மூன்றே: ஈய நஞ்சு, பாதரச நஞ்சு, அந்திராக்ஸ். அந்திராக்ஸுக்கு எதிரே விலங்கின் உடல், தோல், குளம்பு, கொம்பு கையாளும் வேலையோடு, சரக்கை ஏற்றுவதும் இறக்குவதும் கொண்டுபோவதும் எழுதப்பட்டன. பட்டியலில் உள்ள வேலையைச் செய்தவனுக்கு அந்த நோய் வந்தால், எந்தப் பொதியில் கிருமி இருந்தது என்று அவன் தேடி நிரூபிக்க வேண்டியதில்லை. ஒரு மூட்டைக்காரனால் அதை எப்படி நிரூபிக்க முடியும்? நம் நாட்டில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் தொழில் நோய்களையும் சேர்த்துக்கொண்டது. விபத்துக்கு மட்டும்தான் நட்டஈடு என்று நினைத்திருப்பவர்கள் நம்மில் பலர்.

இது பழங்கதையும் அல்ல. 2006இல் நியூயோர்க்கில் ஒரு முரசுக் கலைஞர், ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஆட்டுத்தோலைச் சுரண்டியபோது அந்திராக்ஸை மூச்சில் இழுத்துவிட்டார், பிழைத்தார். 2008இல் லண்டனில் முரசு செய்த ஒருவர் பிழைக்கவில்லை. தப்புக்கும் தவிலுக்கும் தோல் வார்க்கிறவர்கள் நம்மிடமும் இருக்கிறார்கள். பயப்பட வேண்டாம், ஊர்த்தோலெல்லாம் நஞ்சு அல்ல. ஆனால் எங்கிருந்து வந்த தோல் என்று கேளுங்கள். காய்ந்த தோலை மூடிய அறையில் சுரண்டாதீர்கள். சரியாக அவிக்காத எலும்புத்தூள் பசளையிலும் இதே ஆபத்து உண்டு, வெறுங்கையால் அள்ளாதீர்கள்.

திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த இரத்தம் வடியும் மாட்டை அறுக்கவோ உரிக்கவோ வேண்டாம். இறைச்சி வீணாகிறதே என்று மனம் அடிக்கும், தெரியும். கால்நடை வைத்தியருக்கு ஆள் அனுப்புங்கள்.

கறுத்த புண் வந்தால் உடனே போனால் பென்சிலின் போன்ற மருந்திலேயே குணமாகும். போகும்போது புண்ணை மட்டும் காட்டிவிட்டு வராதீர்கள். “தோல் வேலை செய்கிறேன்”, “செத்த மாட்டை உரித்தேன்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். துண்டில் அதை எழுதச் சொல்லிக் கேளுங்கள். எழுதிய துண்டைச் சங்கத் தலைவரிடம் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். நட்டஈடு கேட்டு எழுதும்போது அது வேண்டும்.