பூவுக்கு வைத்த பேர் கோவிந்து

நான் வெம்பாக்கம். ஆரணிப் பட்டுக்கு டிசைன் வரையிற குடும்பம். வழியில் பார்த்த காட்டுப் பூ மனசுல நிற்பது போட்டோவாலயா, கையால வரையிறதாலயான்னு கேட்டிருக்கீங்க. கையாலதான் ஐயா!

எதிரணி அக்கா, 'ஒரே நிமிஷத்துல 20 படம் எடுத்தேன்'னு பெருமைப்பட்டாங்க. சரிங்க அக்கா, ஜவ்வாது மலைக்குப் போற வழியில வேலியோரம் செங்காந்தள் பார்த்திருப்பீங்களே, அதுக்கு இதழ் எத்தனை? (சிரிப்பு) ஆறு. தீ எரியிற மாதிரி மேலே வளைஞ்சு நிற்கும். மகரந்தக் காம்பும் ஆறு, சுத்தியும் கை நீட்டும். நடுவுல இருக்கிற சூல்தண்டு மட்டும் அடியிலேயே மடங்கி ஒரு பக்கமா படுத்துக்கும். இலை நுனி சுருண்டு பக்கத்துக் கிளையைப் பிடிச்சு ஏறும். பென்சிலோட அரை மணி நேரம் குந்தினாத்தான் ஐயா இதெல்லாம் கண்ணுல படும். நம்ம மாநில மலர் அது! கிழங்கு விஷம், வரையுங்க, பிடுங்காதீங்க.

ராபர்ட் வைட்டுன்னு ஒரு டாக்டர். ஸ்காட்லாந்துக்காரர், கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கு 1819ல் இங்கே வந்தவர். தென்னாட்டுச் செடிகளைப் பத்தி 1838லிருந்து 1853 வரை ஆறு தொகுதி போட்டார். மொத்தம் 2,101 படம். அதில் ஏராளமான படங்களை வரைஞ்சது யார்? ரங்கையா, கோவிந்து என்கிற நம்ம நாட்டு ஓவியர்கள்! (கைதட்டல்) படத்துக்குக் கீழேயே அவங்க பேரை அச்சடிச்சார் வைட். அதோட விட்டாரா? ஒரு காட்டு ஆர்க்கிட் பேரினத்துக்கே 'கோவிந்தூயியா'ன்னு பேர் வச்சார். பின்னால வந்த அறிஞர்கள் அதை வேற பேரினத்தோட சேர்த்துட்டாங்க, அந்தப் பேர் வழக்குல இல்லாமப் போச்சு. 2007ல் எடின்பரோ தாவரவியல் பூங்காவைச் சேர்ந்த ஹென்றி நோல்ட்டி, தலைப்பிலேயே இந்த ரெண்டு பேர் பேரையும் போட்டு நூல் வெளியிட்டார். நம்ம பிள்ளைங்ககிட்ட கேட்டுப் பாருங்க, ஒருத்தருக்கும் தெரியாது.

எனக்கு ஏன் இது உறுத்துதுன்னு சொல்றேன். ஒரு புட்டாவைக் கட்டம் போட்ட தாளில் வரைஞ்சு, அட்டையில ஓட்டை குத்தி, ஜக்கார்டுல ஏத்தினாத்தான் சேலையில பூ விழும். இப்ப கம்ப்யூட்டர்ல போடறாங்க, அது வேற. எங்கப்பா வரைஞ்ச மாங்காயும் மல்லி மொட்டும் எத்தனை கல்யாணத்துல நடந்ததோ! கடைக்காரர் பேர் பெட்டியில இருக்கும், நெய்தவர் பேரையாவது எப்பவாவது யாராவது கேட்பாங்க. வரைஞ்சவர் பேர் எங்கேயும் இருக்காது ஐயா. அதனாலதான் ரங்கையா, கோவிந்துன்னு இந்த மேடையில ரெண்டு தடவையாவது சத்தமா சொல்லிடணும்னு பஸ் ஏறி வந்தேன்.

மணி அடிச்சுட்டாங்க.