மனம் விலகி நிற்கும் பிணி

(சங்க மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



உடம்புக்கு நோய் வந்தால் நாம் ஒளிப்பதில்லை. காய்ச்சல் என்றால் அயலவரிடம் சொல்லுகின்றோம். கை முறிந்தால் கட்டுப் போட்ட கையோடு கோயிலுக்கும் போகின்றோம். மனத்துக்கு நோய் வந்தால் மாத்திரம் படலையைச் சாத்திவிடுகின்றோம். அவ்வாறு சாத்திய படலைகளுக்குள்ளே, பெரும்பாலும் இன்ன நோயென்று அறியப்படாமலே வருத்திக்கொண்டிருக்கும் ஒருவகைப் பிணியைப் பற்றி இன்று பேச விரும்புகின்றேன். மனப்பிரிகை என்று அதனைச் சொல்லலாம். நினைவு, உணர்ச்சி, உடம்பின் இயக்கம், 'நான் இன்னார்' என்னும் அறிவு ஆகியவை ஒன்றாய்ப் பின்னி நிற்பதே சுகமான மனம். அப்பின்னல் விட்டுப்போய், ஒன்று மற்றதை அறியாமல் விலகி நிற்பதே இந்நோயின் இயல்பு.

இதனை விளக்க மெய்யாக நடந்த சரித்திரம் ஒன்றைச் சொல்லுகின்றேன்.

அமெரிக்காவில் றோட் ஐலண்ட் மாநிலத்தில் ஆன்செல் போர்ன் என்றொரு கிறிஸ்தவப் போதகர் இருந்தார். முன்னர் தச்சுத் தொழில் செய்தவர்; பின்னர் ஊர் ஊராய்ச் சென்று போதித்தவர்; நேர்மையாளர் என மதிக்கப்பட்டவர். 1887ஆம் ஆண்டு ஜனவரி 17ஆந் திகதி, காணி ஒன்றுக்குக் கொடுப்பதற்காகப் புறொவிடன்ஸ் நகரத்து வங்கியில் 551 டொலர் எடுத்துக்கொண்டு, குதிரை இழுக்கும் டிராம் வண்டியில் ஏறினார். அன்று அவர் வீடு திரும்பவில்லை. பத்திரிகைகளில் அறிவித்தல் வந்தது, பொலிசார் தேடினர். இரண்டு மாதம் வரையில் ஒரு தகவலும் இல்லை.

இதற்கிடையில், பென்சில்வேனியா மாநிலத்து நொறிஸ்டவுன் என்னும் ஊரில், ஏ. ஜே. பிரவுண் என்று பெயர் சொல்லிக்கொண்ட ஒருவர் சிறிய கடையொன்றை வாடகைக்கு எடுத்தார். கடதாசி, மிட்டாய், பழம் முதலியவற்றை விற்று அமைதியாய்ச் சீவித்தார். அவரிடம் எவரும் ஒரு மாறுபாட்டையும் காணவில்லை. மார்ச் 14ஆந் திகதி காலை அவர் திடுக்குற்று விழித்து, வீட்டிலிருந்தோரை அழைத்து, தாம் எங்கே இருக்கின்றார் என்று கேட்டார். தம் பெயர் ஆன்செல் போர்ன் என்றார். கடை நடத்துதல் தமக்குத் தெரியவே தெரியாது என்றார். வங்கியிற் பணம் எடுத்தது நேற்றுப்போல் இருக்கின்றது என்றார். அங்குள்ளோர் அவருக்குச் சித்தம் பேதலித்துவிட்டதென்றே எண்ணினர். புறொவிடன்சுக்குத் தந்தி கொடுத்த பின்னரே அவர் சொன்னது மெய்யென்று புலனாயிற்று. உறவினர் ஒருவர் வந்து அவரைக் கூட்டிச் சென்றார்.

1890ஆம் ஆண்டிலே வில்லியம் ஜேம்ஸ் என்னும் புகழ்பெற்ற மனோதத்துவ அறிஞர் அவரை அறிதுயிலில் ஆழ்த்திப் பார்த்தார். அப்பொழுது பிரவுண் மீண்டும் பேசினார். அவ்விரண்டு மாதச் செய்திகளையும் சொன்னார். ஆனால், போர்னின் மனைவியை எதிரே நிறுத்தியபோது அப்பெண்ணைத் தாம் முன் கண்டதே இல்லை என்றார்! இரண்டு நினைவுகளையும் ஒன்றாக்க ஜேம்ஸ் முயன்றார், முடியவில்லை. அவ்வாண்டில் வெளிவந்த தமது மனோதத்துவ நூலில் இச்சரித்திரத்தை அவர் எழுதி வைத்தார்.

அன்பர்களே, பிரவுணாக வாழ்ந்த நாட்களின் நினைவு அழிந்துபோகவில்லை என்பதைக் கவனியுங்கள். அது வேறோர் அறையிலே பூட்டிக் கிடந்தது. அந்த மனிதர் பொய் சொன்னவருமல்லர், நடித்தவருமல்லர். இந்நோயாளரை நோக்குங்கால் இதனை நாம் மறத்தலாகாது.

இந்நிலையின் சிறு சாயல் நம் எல்லோரிடத்தும் உண்டு. பழகிய தெருவிலே சைக்கிளில் வருகின்றோம்; வீடு வந்த பின்னர் வழியில் எதைக் கண்டோம் என்றால் சொல்லத் தெரியாது. அது நோயன்று. விரும்பாமலே மனம் விலகி, நினைவில் வெற்றிடங்கள் உண்டாகி, படிப்பும் தொழிலும் உறவும் கெடும்போதே அது நோயாகின்றது. இதனை முறையாக ஆராய்ந்தோருள் முதன்மையானவர் பியர் ஜானே என்னும் பிரெஞ்சு அறிஞர். தாங்க முடியாத அனுபவம் ஒன்று மனத்தின் ஏனைய பகுதியோடு இணையாமல் தனித்து நின்று தொழிற்படும் என்பதை 1889இல் வெளிவந்த தமது நூலில் அவர் விளக்கினார்.

நோயின் குறிகள்

இப்பிணி பல உருவங்களிலே வரும். சிலர் தமக்கு நேர்ந்த கொடுமையையோ, வாழ்வின் ஒரு பகுதியையோ அடியோடு மறந்துவிடுவர். போர்னைப் போல ஊரைவிட்டே போய்விடுவோரும் இவ்வகையினரே. சிலர் தம் உடம்புக்கு வெளியே நின்று தம்மையே பார்ப்பதுபோல் உணர்வர். சுற்றியுள்ள உலகம் திரைக்கு அப்பால் இருப்பதுபோலத் தோன்றும். அவ்வேளையிலும் இது மெய்யன்று என்னும் அறிவு அவர்களுக்கு இருக்கும். வேறு சிலருக்குப் பேச்சு அடைத்துப்போம், கால் மரத்துப்போம், வலிப்புப் போன்ற இழுப்பு வரும். மூளையின் மின்னலைகளைப் பதியும் பரிசோதனையில் வலிப்பு நோய்க்குரிய குறி காணப்படாது. அதனால் நடிப்பு என்று முடிவு கட்டுதல் பெரும் பிழை.

மிகக் கடுமையான வகையிலே ஒருவருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட ஆளுமைகள் மாறி மாறி எழும். முன்பு 'பன்முக ஆளுமை' எனப்பட்ட இந்நோயை, 1994இல் அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கம் அடையாளப் பிரிகை என்னும் பொருள்படப் பெயர் மாற்றியது. ஒருவருக்குள் பலர் இருக்கின்றனர் என்பதன்று கருத்து. ஒருவருடைய 'நான்' ஒன்றாகத் திரளவில்லை என்பதே கருத்து. மனச்சிதைவு நோய் வேறு, இது வேறு என்பதையும் மனத்திற் கொள்க.

கலை வருதலும் நோயும்

'அப்படியாயின், அம்மன் கோயிலிலே கலை வந்து ஆடுவதும் நோயோ?' என்று பெரியோர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 2022ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், பிறிதொரு சக்தி ஆட்கொண்டதுபோன்ற நிலையையும் நோய்களுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. ஆனால், ஒரு சமூகம் ஏற்றுக்கொண்ட சமய வழக்கின் பகுதியாக நிகழ்வதை அது நோயென்று கொள்வதில்லை. திருவிழாவிலே, உரிய இடத்திலே, உரிய வேளையிலே கலை வந்து, சற்று நேரத்தில் தெளிந்து, மறுநாள் தம் வேலையைப் பார்ப்பவர் நோயாளரல்லர். விரும்பாத வேளையிலே, வகுப்பறையிலும் அடுப்படியிலும், திரும்பத் திரும்ப வந்து ஒருவரை வருத்தி, அவர் வாழ்வைக் குலைப்பதாயின் அங்கே வைத்தியம் வேண்டும்.

காரணங்கள்

இந்நோயாளர் பலரின் வாழ்வை ஆராய்ந்தால், தாங்கமுடியாத துன்பம் ஒன்று பின்னே நிற்கக் காண்கின்றோம். சிறப்பாக, இளம்பருவத்திலே திரும்பத் திரும்ப அடிபட்ட பிள்ளைகள், தகாத முறையிலே தீண்டப்பட்ட பிள்ளைகள், அன்பும் ஆதரவும் இன்றி அஞ்சி வளர்ந்த பிள்ளைகள் இதற்கு ஆளாகின்றனர். வளர்ந்தவன் எதிர்த்து நிற்கலாம், அல்லது ஓடலாம். பிள்ளை என்ன செய்யும்? உடம்பால் ஓட முடியாத இடத்திலே மனத்தால் ஓடிவிடுகின்றது. அன்று அதனைக் காத்த அதே வழி, ஆபத்து நீங்கிய பின்னரும் பழக்கமாய் நின்று நோயாகின்றது.

போரும் பேரிடரும் இத்தகைய காயங்களை உண்டாக்கும். 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனவர்களையும், 2009இல் முடிந்த போரிலே இழந்தவர்களையும் எண்ணாத வீடு நம் பகுதியில் அரிது. இக்காயத்தையே மனவடு என்கின்றோம். யாழ்ப்பாணத்திலே போர்க்காலத்தில் வைத்தியம் செய்த பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள் இதனை நெடுங்காலம் ஆராய்ந்து எழுதியவர். துன்பப்பட்டோர் எல்லோருக்கும் இந்நோய் வருவதில்லை. ஆறுதல் சொல்ல ஆளுள்ள பிள்ளை பெரும்பாலும் தப்பிக்கொள்ளுகின்றது.

செய்யத் தகாதவை

இனி, மனம் நோகச் சில சொல்ல வேண்டியிருக்கின்றது. ஒரு பெண்பிள்ளை குரல் மாறிப் பேசினால், அல்லது மயங்கி விழுந்தால், பிரம்பால் அடிப்பதும், மிளகாய்ப் புகை பிடிப்பதும், கட்டி வைப்பதும், பட்டினி போடுவதும் இன்னும் முற்றாய் ஒழியவில்லை. நோவைத் தாங்க முடியாமல் மனம் விலகப் பழகியவளுக்கு மேலும் நோவைக் கொடுத்தால், இன்னும் தூரம் விலகுவதற்கே அவளைப் பழக்குகின்றோம். 'கலியாணம் முடித்து வைத்தால் மாறிவிடும்' என்பதும் அத்தகையதே. ஆளை மாற்றிப் பிறர் கையில் ஒப்படைப்பதனால் நோய் மாறாது.

நூல் கட்டுவதையும் நேர்த்திக்கடனையும் நான் பழிக்கவில்லை. வழிபாடு தரும் ஆறுதல் மெய்யானது. வைத்தியத்தோடு கூடவே அதுவும் நடக்கட்டும். ஆனால், அச்சத்துக்குக் காரணமானவர் அதே வீட்டிலே, அதே ஒழுங்கையிலே நடமாடுவாராயின், நூல் என்ன செய்யும்? 'உனக்குள் வந்திருப்பது யார்?' என்று அதட்டுவதை விட்டு, 'உன்னால் தாங்க முடியாமற் போனது எது?' என்று பொறுமையாய்க் கேட்க ஒருவராவது வேண்டும். ஒரு பிள்ளை வாய் திறந்து சொன்னால், குடும்ப மானத்தின் பெயரால் அதன் வாயை மூடாதீர்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

சிகிச்சை

முதலிலே வைத்தியரிடம் காட்டி உடம்பைச் சோதிப்பித்தல் அவசியம். வலிப்பு, தலையிற் காயம், மூளைக் காய்ச்சல், இரத்தத்தில் சர்க்கரை குறைதல், போதைப்பொருள் ஆகியனவும் இத்தகைய குறிகளைக் காட்டும். அவையில்லை என்று தெளிந்த பின் மனநல வைத்தியரின் பொறுப்பு. இந்நோய்க்கென்று தனி மருந்து இல்லை. உடன்வரும் சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மருந்து உண்டு. முதன்மையான சிகிச்சை உரையாடலே. அது மூன்று படிகளாய் நடக்கும். நோயாளருக்கு முதலிற் பாதுகாப்பும், தம்மை நிதானப்படுத்தும் பழக்கமும் வேண்டும். அவை நிலைத்த பின்னரே பழைய துன்பத்தைச் சிறிது சிறிதாய்ப் பேசுதல். இறுதியாக, பிரிந்து நின்றவற்றை ஒரே வாழ்வாய்ச் சேர்த்தல். மாதங்களும் ஆண்டுகளும் செல்லலாம். ஆயினும் பலர் தேறி நன்றாய் வாழ்கின்றனர்.

அவசரப்பட்டு நினைவுகளைக் கிண்டுதல் ஆபத்து. 1980களிலும் 1990களிலும் அமெரிக்காவில் சிலர் அறிதுயிலால் நினைவுகளைத் தோண்டப்போய், நடவாதவற்றையும் நடந்தனவாக நோயாளர் நம்பும்படி ஆயிற்று. பூட்டைத் திறந்த மாத்திரத்தில் மனம் ஒன்றாகிவிடாது என்பதைப் போர்னின் சரித்திரமும் காட்டுகின்றது.

அருகில் உள்ளவர் செய்யக்கூடியதும் உண்டு. ஒருவர் தம்மை மறந்து நிற்கும்போது கூட்டம் கூடாதீர்கள். பழக்கமான குரலிலே பெயரைச் சொல்லி, இது இன்ன இடம், இன்ன நாள், இங்கே பயமில்லை என்று சொல்லுங்கள். பாதத்தை நிலத்தில் ஊன்றச் செய்யுங்கள். குளிர்ந்த நீரிற் கை நனைக்கட்டும். கண்ணிற்படும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லட்டும். கேளாமல் தொடவும் உலுக்கவும் வேண்டா. தம் உயிரை மாய்க்கும் எண்ணமோ, தம்மைக் காயப்படுத்தும் பழக்கமோ உண்டென்று தெரிந்தால் தாமதியாது வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். 1926 என்னும் தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் பேசலாம்.

வாலிப அன்பர்களே, இச்சங்கம் விளையாட்டுக்கும் விழாவுக்கும் ஆள் சேர்க்கத் தெரிந்த சங்கம். ஊரிலே ஒரு வீட்டில் இப்படி ஒரு துன்பம் நேர்ந்தால், அதைக் கதையாய்க் காவித் திரியாமல் இருத்தல் உங்கள் முதற்பணி. தாயொருத்தி மகளை மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிச்செல்லத் துணையின்றித் தயங்கினால், கூடச் செல்ல இருவர் எழுந்திருத்தல் இரண்டாவது பணி. பெரியோர்களே, அந்தப் பிள்ளை சுகமாகித் திரும்பும்போது, அவளை நோயின் பெயரால் அன்றி அவளுடைய பெயராலேயே அழையுங்கள். தன்னை மறந்திருந்த ஒருவருக்குத் தன் பெயரை அன்போடு சொல்லிக் கூப்பிடும் குரல் பெரிய மருந்து.