கல்லீரலும் ‘சி’ வைட்டமினும்



மொழிபெயர்ப்பு என் தொழில். மருத்துவக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்குகையில் ‘என்ஸைம்’ என்ற சொல்லில் சற்றே நின்றேன். புளிப்பேற்றும் பொருளைச் சுட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1877-ஆம் ஆண்டில் கூனே என்னும் ஜெர்மானிய அறிஞர் அப்பெயரை உண்டாக்கினார். நாமும் நொதித்தல் என்பதிலிருந்தே ‘நொதி’ என்றோம். இட்டிலி மாவு இரவில் பொங்குவதைக் கண்டவர்க்கு இச்சொல் புதிதன்று.

கல்லீரலின் வேலைகள் பெரும்பாலும் நொதிகளாலேயே நடைபெறுகின்றன. ஆடும் எலியும் தமக்கு வேண்டிய ‘சி’ வைட்டமினைத் தம் ஈரலிலேயே செய்துகொள்கின்றன. மனிதனுக்கு அப்பேறு இல்லை. அவ்வேலையின் கடைசிப் படியை முடிக்கும் நொதிக்குரிய மரபணு நம்மிடம் சிதைந்து கிடக்கிறது. கினிப்பன்றிக்கும் இதே குறை உண்டு.

ஆதலின் அறிஞர் கினிப்பன்றியைக் கொண்டு ஆராய்ந்தனர். ‘சி’ வைட்டமின் அற்ற உணவை உண்ட பிராணிகளின் ஈரலில், மருந்துகளை மாற்றி வெளியேற்றும் நொதிகளின் ஆற்றல் தளர்ந்தது. கொலஸ்டிராலைப் பித்த அமிலமாக்கும் வேலையும் மந்தமாயிற்று. வைட்டமினை மீண்டும் அளிக்கவே, மருந்துகளை மாற்றும் ஆற்றல் திரும்பிற்று. தானே செய்ய இயலாத பொருளை நம்பியே நம் ஈரலும் உழைக்கிறது.

இதனை அரைகுறையாகக் கேட்டறிந்த என் நண்பர் ஒருவர், மஞ்சட்காமாலை கண்டபொழுது மருத்துவரை நாடாமல் வைட்டமின் மாத்திரைகளையே நாள்தோறும் விழுங்கிவந்தார். காலங்கடந்தே மருத்துவமனை சேர்ந்தார். எழுந்து நடமாட மூன்று மாதங்கள் ஆயின.

அவர் செய்த பிழை யாது? குறையை நிரப்பினால் நொதி இயல்புநிலைக்கு மீளும். நிரம்பிய குடத்தில் மேலும் வார்த்தால் நீர் வழிந்தோடும், அவ்வளவே. மிகுந்த வைட்டமின் சிறுநீரில் கழிகிறது. அதில் ஒரு பகுதி ஆக்ஸலேட்டாக மாறுவதால், சிலருக்குச் சிறுநீரகக் கல் தோன்றவும் கூடும். உடலில் இரும்புச்சத்து மிகுந்து ஈரலில் தங்கும் நோயுடையோர் மருத்துவரைக் கேளாது இம்மாத்திரையைத் தொடலாகாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ஆம் ஆண்டில் வகுத்தபடி, நாளொன்றுக்கு ஆடவர்க்கு 80 மில்லிகிராமும் பெண்டிர்க்கு 65 மில்லிகிராமும் போதும். நடுத்தரமான கொய்யாப்பழம் ஒன்றே இதனைத் தந்துவிடும். நெல்லிக்கனியும் நமக்கு எட்டாததன்று. காய்களை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டாமல் இருந்தால் அவற்றிலும் ஓரளவு கிட்டும்.

ஈரல் கேட்பது கைப்பிடி மாத்திரையை அன்று. நாள் தவறாத சிறு படியை. நோய் கண்டால் அது கேட்பது மருத்துவரை.