இரு கைதிகளின் இல்லறம்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இல்லறத்தைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் தம்பி என்னைக் கேட்டுக்கொண்டார். இல்லறம் என்றால் நம் மேடைகளில் உடனே சீதாபிராட்டி வந்துவிடுவாள். கணவனைப் பிரிந்து சிறையிருந்தவளின் கதை இந்த இலங்கைத் தீவிலே நடந்ததாகத்தானே நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம்! அந்தக் கதையில் சிறையிருந்தவள் ஒருத்தி. மீட்க வந்தவன் ஒருவன். ஆனால் ஆணும் பெண்ணும் இருவருமே இராணுவ உடை அணிந்து, இருவருமே ஒரே காலத்தில் வெவ்வேறிடங்களில் கைதிகளாக இருந்து, மீண்டு வந்து மணம் புரிந்து, நாற்பத்தைந்து ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்த கதையொன்று உண்டு. கப்டன் லட்சுமி என்று உலகம் அறிந்த டாக்டர் லட்சுமி ஸாகலும், அவர் கணவர் பிரேம் குமார் ஸாகலுமே அவர்கள். அவர்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

வடநாட்டுக் கதை நமக்கெதற்கு என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள், தம்பி. இது நம் வீட்டுக் கதையுந்தான்.

லட்சுமி 1914ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் திகதி சென்னையில் பிறந்தவர். தகப்பனார் சுவாமிநாதன் பெயர்பெற்ற வழக்கறிஞர். தாயார் அம்மு சுவாமிநாதன் பிற்காலத்தில் இந்திய அரசியல் நிர்ணய சபையில் அங்கம் வகித்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938இல் தேறி, 1940இல் சிங்கப்பூர் சென்றார். அதற்கு முன்னர் ஒரு விமானியோடு நடந்த திருமணம் நிலைக்கவில்லை. இதை ஏன் மறைக்காமற் சொல்கிறேனென்றால், முதலடியில் சறுக்கியவருக்கு இல்லறமே இல்லையென்று முடிவு கட்டிவிடும் பழக்கம் நம்மிடம் இன்றும் இருக்கிறது.

சிங்கப்பூரில் அவர் திறந்த வைத்தியசாலைக்கு வந்தவர்கள் யார்? பெரும்பாலும் இந்தியாவிலிருந்து பிழைக்கப் போன ஏழைத் தொழிலாளர்கள். நம் பாட்டன்மார் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக நடந்து இந்த மாத்தளைக்கு வந்து கோப்பித் தோட்டம் போட்டார்கள். அதே கிராமங்களிலிருந்து வேறு சிலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போய் ரப்பர்க் காட்டில் பால் வெட்டினார்கள். ஒரே வீட்டில் அண்ணன் இங்கும் தம்பி அங்குமாகப் பிரிந்ததுண்டு. அவர்களுக்கும் லயம்தான், அவர்களுக்கும் கங்காணிதான், அவர்களுக்கும் துரைதான்.

பிரேம் ஸாகல் 1917ஆம் ஆண்டு மார்ச் மாதம் பஞ்சாபிலுள்ள ஹோஷியார்பூரில் பிறந்தவர். டேராடூன் இராணுவக் கல்லூரியில் பயின்று, பிரிட்டிஷ் இந்திய சேனையின் பலூச் படைப்பிரிவில் உத்தியோகத்தரானார். 1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது ஆயிரமாயிரம் இந்தியப் போர்வீரர்களோடு அவரும் கைதியானார். இது முதற் சிறைவாசம். அதே நகரத்தில் அதே நாட்களில் லட்சுமி காயம்பட்டவர்களுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தார்.

1943 ஜூலையில் சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூர் வந்திறங்கினார். இந்திய தேசிய இராணுவத்தில் பெண்கள் படையொன்று வேண்டுமென்றார். ஜான்சி ராணிப் படை என்று அதற்குப் பெயர். தலைமை ஏற்றவர் லட்சுமி. அவ்வாண்டு அக்டோபரில் அமைந்த சுதந்திர இந்திய அரசாங்கத்தில் அமைச்சராயிருந்த ஒரே பெண்ணும் அவரே. படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயா ரப்பர்த் தோட்டங்களின் தமிழ்ப் பெண் பிள்ளைகள். அவர்களில் பலர் இந்தியாவைக் கண்ணாலும் கண்டதில்லை. பால்வெட்டும் கத்தி பிடித்த கையில் துப்பாக்கியைப் பிடித்தார்கள். அப்பெண்களில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்? ஜானகி ஆதி நாகப்பன் அம்மையாரைத் தவிர வேறொரு பெயரை இந்தச் சபையில் ஒருவர் சொன்னால், அவருக்கு என் மாலையைப் போட்டுவிடுகிறேன்.

பிரேம் ஸாகலும் அதே இராணுவத்தில் சேர்ந்தார். போஸின் இராணுவச் செயலாளராகக் கடமையாற்றினார். இருவரும் பழகியது அங்கேதான். பெண் சென்னையிற் பிறந்தவர், மாப்பிள்ளை பஞ்சாபி. பெண்ணுக்கு முன்னொரு திருமணம் நடந்திருக்கிறது. போதாக்குறைக்குப் பெண் இரண்டரை வயது மூத்தவர்! நம் ஊர்த் தரகர் ஒருவரிடம் இந்தச் சம்பந்தத்தைச் சொல்லியிருந்தால், குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போயிருப்பார்.

பிறகு பர்மா யுத்தம். அந்த யுத்தத்தை பிரிட்டிஷ் தரப்பில் நடத்திய மவுண்ட்பேட்டன் பிரபுவின் தலைமையகம் 1944 ஏப்ரலிலிருந்து எங்கே இருந்தது தெரியுமா? நம் பேராதனைப் பூந்தோட்டத்திலே! இங்கிருந்து 20 மைல்தான் இருக்கும். இன்று நாம் பிள்ளைகளை அழைத்துப் போய் மரங்களைக் காட்டும் இடத்திலிருந்துதான், நம் இரத்த உறவான அப்பெண்கள் நின்ற படையையும் சேர்த்து முறியடிக்கும் யுத்தம் நடத்தப்பட்டது. நம் மூத்தோரிற் பலருக்கே இது புதிய செய்தியாயிருக்கும்.

1945இல் எல்லாம் உடைந்தது. போப்பா மலைப் பகுதியில் போரிட்ட ஸாகலின் படை, ஏப்ரல் இறுதியில் சரணடைந்தது. யுத்தக் கைதிகளாக ஏற்பதானால் மாத்திரமே சரணடைவோம் என்று அவர் எழுதி அனுப்பியே ஆயுதத்தைக் கீழே வைத்தார். முன்பு ஜப்பானியரின் கைதி. இப்போது, தாம் முதலில் பணியாற்றிய அதே பிரிட்டிஷாரின் கைதி. லட்சுமியும் பர்மாவிலேயே பிடிபட்டுத் தடுத்து வைக்கப்பட்டார்.

ஸாகலை டில்லிச் செங்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். 1945 நவம்பர் 5ஆம் திகதி இராணுவ நீதிமன்றம் கூடியது. எதிரிக் கூண்டில் மூவர்: ஷா நவாஸ் கான், ஸாகல், குர்பக்ஷ் சிங் தில்லான். ஒரு முஸ்லிம், ஓர் இந்து, ஒரு சீக்கியர். மன்னருக்கு எதிராக யுத்தம் புரிந்தது குற்றம். வாதாடியவர் பூலாபாய் தேசாய். நெடுங்காலமாக வழக்கறிஞர் அங்கியைத் தொடாதிருந்த நேருவும் அதை மீண்டும் அணிந்து வந்து அமர்ந்தார். டிசம்பர் 31ஆம் திகதி முடிந்த வழக்கில் மூவருக்கும் ஆயுட்காலத் தீவாந்தர தண்டனை. ஆனால் நாடு கொந்தளித்து நின்றது. பிரதம சேனாதிபதி ஓகின்லெக் அத்தண்டனையை நீக்கவே, 1946 ஜனவரி முற்பகுதியில் மூவரும் வெளியே வந்தனர். பட்டி தொட்டியெங்கும் மாலை மரியாதை.

அந்த மாலைகளின் நடுவே ஒன்றை நினைத்துப் பாருங்கள். லட்சுமி இன்னும் பர்மாவிலேதான் இருக்கிறார். அவர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது மார்ச் மாதத்தில். அதற்கும் ஓராண்டு கழித்து, 1947 மார்ச்சில், லாகூரில் அவர்கள் திருமணம் நடந்தது.

1947 மார்ச், லாகூர்! பஞ்சாபில் கலவரம் மூண்டிருந்த மாதம் அது. ஐந்தே மாதத்தில் லாகூர் வேறொரு நாட்டில் இருந்தது. எந்தத் தேசத்துக்காக இரண்டு பேரும் சிறை புகுந்தார்களோ அந்தத் தேசம் துண்டாயிற்று. கல்யாணம் நடந்த ஊருக்கே எல்லை தாண்டித்தான் போகவேண்டும். சுதந்திர இந்தியாவின் சேனையும் தேசிய இராணுவத்தாரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. கழுத்தில் மாலை விழுந்தது. உத்தியோகம் மாத்திரம் கிடைக்கவில்லை.

வீடு திரும்புதல் என்பது இலகுவான காரியமல்ல என்று மாத்தளைக்காரருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நாம் எந்த நாட்டவர் என்பதே கேள்வியாயிற்று. 1964 ஒப்பந்தத்தின் பின்னர், இங்கேயே பிறந்தவர்களைத் "தாயகம் திரும்புவோர்" என்று பெயரிட்டுக் கோச்சியேற்றித் தலைமன்னாருக்கு அனுப்பினார்கள். திரும்புவதற்கு அவர்கள் எப்போது அங்கிருந்தார்கள்? தகப்பன் ஒரு நாடு, பிள்ளை ஒரு நாடு என்று பிரிந்த குடும்பங்கள் இந்தச் சபையிலேயே இருக்கின்றன. சிறுவனாக நான் மாத்தளைப் புகையிரத நிலையத்தில் கேட்ட அழுகைச் சத்தம் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. ஆகவேதான் இத்தம்பதிகள் சிறையில் பட்ட பாட்டைக் காட்டிலும், வெளியே வந்த பிறகு என்ன செய்தார்கள் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இருவருக்கும் சொந்தமல்லாத கான்பூரில் குடியேறினார்கள். கணவர் துணியாலையொன்றில் வேலைக்கமர்ந்தார். படை நடத்தியவருக்கு ஆலை உத்தியோகம் ருசித்திருக்குமா என்பது ஐயந்தான். ஆனாலும் குடும்பம் நடந்தது. மனைவி மருத்துவத் தொழிலுக்குத் திரும்பினார். பிரிவினையால் வீடிழந்து வந்த அகதிகள் அவரிடம் வந்தார்கள். பிறகு நகரத்து ஏழைப் பெண்கள் பிரசவத்துக்கு வந்தார்கள். சிங்கப்பூரில் விட்ட வேலையை அவர் கான்பூரில் தொடர்ந்தார், அவ்வளவுதான். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். மூத்தவர் சுபாஷிணி அலி 1989இல் அதே கான்பூரிலிருந்து லோக்சபைக்குத் தெரிவானார்.

மனைவி பொதுவேலைக்குப் போவதைக் கணவன் பெருந்தன்மையோடு அனுமதித்தார் என்று எழுதுவது ஒரு வழக்கம். இந்த வீட்டில் அனுமதி என்ற பேச்சுக்கே இடமிருந்திருக்குமென்று நான் நினைக்கவில்லை. ஒரே கொடியின்கீழ் கடமை செய்து, ஒரே தோல்வியைக் கண்டு, ஒரே சமயத்தில் கைதிகளானவர்கள் அவர்கள். 1971இல் கிழக்கு வங்க அகதிகள் வந்து குவிந்தபோது லட்சுமி கல்கத்தா பக்கம் போய் வைத்தியம் பார்த்தார். 1984இல் போபால் விஷவாயு விபத்தின்போது மருத்துவக் குழுவோடு போனார். அப்போது அவருக்கு வயது 70.

1992 அக்டோபர் 17ஆம் திகதி பிரேம் ஸாகல் காலமானார். அதன்பின் இருபதாண்டு லட்சுமி தனித்திருந்தார். 2002இல் ஜனாதிபதித் தேர்தலில் அப்துல் கலாமை எதிர்த்து, தோல்வி நிச்சயமென்று தெரிந்தே நின்றார். இராமேஸ்வரத்தில் பிறந்தவரும் சென்னையில் பிறந்தவரும் டில்லிப் பதவிக்குப் போட்டியிட்டதை நம்மில் எத்தனை பேர் கவனித்தோமோ! தேர்தல் முடிந்ததும் அவர் வழக்கம்போலத் தம் வைத்தியசாலைக்குப் போனார். தொண்ணூறு வயது கடந்த பின்பும் நோயாளரைப் பார்த்துவந்தார்.

2012 ஜூலை 23ஆம் திகதி, 97ஆவது வயதில், அவர் உயிர் பிரிந்தது. அவர் விரும்பியிருந்தபடியே உடலைக் கான்பூர் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் படிப்பதற்காகக் கொடுத்துவிட்டார்கள்.