பெயரும் வாக்கும்

(தொடர்கல்வி மையக் கூட்டத்தில் வாசிப்பதற்கான உரை)



வாக்காளர் பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒவ்வொருவரின் பெயரும் இருக்கும். தந்தை பெயர் அல்லது கணவர் பெயர் இருக்கும். வயது இருக்கும். ஆணா, பெண்ணா என்ற விவரமும் இருக்கும்.

பார்ப்பதற்குச் சின்ன விவரம்தான். ஆனால் அதற்குள் ஒரு பெரிய கதை இருக்கிறது. அது பெண்களின் கதை. பெண்களைப் போலவே ஒதுக்கி வைக்கப்பட்ட இன்னொரு கூட்டத்தாரின் கதையும்கூட.

பெயர் இல்லாத 28 லட்சம் பேர்

1951-52இல் இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. படித்தவர், படிக்காதவர், ஆண், பெண் என்ற பேதம் இல்லை. 21 வயது நிறைந்த எல்லாருக்கும் வாக்கு உண்டு என்று அரசியல் சட்டம் சொன்னது.

பட்டியல் எழுத வீடு வீடாக ஆட்கள் போனார்கள். "அம்மா, உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டார்கள்.

வடநாட்டில் பல பெண்கள் பெயரைச் சொல்லவில்லை. "இன்னாரின் மனைவி என்று எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்கள். "இன்னாரின் மகள் என்று எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்கள். முன்பின் தெரியாத ஆணிடம் பெயர் சொல்லும் வழக்கம் அங்கே இல்லை.

அப்போது தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தவர் சுகுமார் சென். சொந்தப் பெயர் இல்லாமல் யாரையும் பட்டியலில் சேர்க்கக்கூடாது என்று அவர் முடிவு செய்தார். பெயரைச் சொல்லும்படி பெண்களிடம் எடுத்துச் சொல்லப்பட்டது. பலர் சொன்னார்கள். சொல்லாதவர்களும் இருந்தார்கள். சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், மத்திய பாரதம், விந்தியப் பிரதேசம் ஆகிய இடங்களில்தான் இது அதிகம்.

அந்தப் பெண்கள் உயிரோடு இருந்தார்கள். வயலில் உழைத்தார்கள். பிள்ளை பெற்று வளர்த்தார்கள். ஆனால் அந்தத் தேர்தலில் அவர்கள் கணக்கில் இல்லை.

பிறகு நிலைமை மாறியது. பெண்கள் பெயரைச் சொன்னார்கள். கையெழுத்தும் கற்றார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் பெண் வாக்காளர்கள் 47 கோடிக்கும் அதிகம். நூற்றுக்கு 65 பேருக்கு மேல் வாக்களித்தார்கள். வாக்களித்த விகிதத்தில் ஆண்களைவிடப் பெண்கள் ஒரு இம்மி அதிகம்.

இரண்டு கட்டத்திலும் அடங்காதவர்கள்

ஆண் என்று ஒரு கட்டம், பெண் என்று ஒரு கட்டம். பல காலம் பட்டியலில் இந்த இரண்டுதான் இருந்தன.

பிறக்கும்போது ஆண் என்று சொல்லப்பட்டு, மனதால் பெண்ணாக வாழ்கிறவர்கள் உண்டு. தமிழில் இவர்களைத் திருநங்கை என்கிறோம். வடநாட்டில் ஹிஜ்ரா என்றும் கின்னர் என்றும் சொல்வார்கள். பெண் என்று சொல்லப்பட்டு, மனதால் ஆணாக வாழ்கிறவர்களும் உண்டு. அவர்கள் திருநம்பிகள்.

எந்தக் கட்டத்தில் இவர்கள் பெயரை எழுதுவது? 2009 நவம்பரில் தேர்தல் ஆணையம் ஒரு வழி செய்தது. 'மற்றவர்' என்று மூன்றாவது கட்டம் வந்தது.

2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. தான் ஆணா, பெண்ணா, மூன்றாம் பாலினமா என்பதைச் சொல்லும் உரிமை அந்த நபருக்கே உண்டு என்றது. கல்வியிலும் வேலையிலும் இவர்களுக்கு இட ஒதுக்கீடு தரவேண்டும் என்றும் சொன்னது.

ஆனாலும் எண்ணிக்கையைப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'மற்றவர்' என்று பதிவானவர்கள் சுமார் 4 லட்சத்து 88 ஆயிரம் பேர். 2024 வாக்காளர் பட்டியலில் மூன்றாம் பாலினம் என்று இருந்தவர்கள் 48 ஆயிரத்துச் சொச்சம்தான். கணக்கெடுப்பில் குழந்தைகளும் உண்டு. சிலர் ஆண் என்றோ பெண் என்றோ பட்டியலில் பதிந்திருப்பார்கள். அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி பெரியது. அன்று பெயர் சொல்லாத பெண்கள் விடுபட்டதுபோல, இன்று இவர்களில் பலர் விடுபட்டிருக்கிறார்கள்.

இதில் பெண்களுக்கு என்ன?

"இது அவர்கள் பிரச்சினை. நமக்கென்ன?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு இரண்டு ஊர்களின் கதையைக் கேட்க வேண்டும்.

1992இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. பஞ்சாயத்திலும் நகராட்சியிலும் மூன்றில் ஒரு பங்கு இடமாவது பெண்களுக்கு என்று ஆனது. அப்படிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட பதவிகளில் ஒன்று, மத்தியப் பிரதேசத்தில் உள்ள கட்னி நகர மேயர் பதவி. 2000ஆம் ஆண்டையொட்டி நடந்த தேர்தலில் கமலா ஜான் என்ற ஹிஜ்ரா அங்கே வென்றார். ஊரில் உள்ள ஆண்களும் பெண்களும்தான் வாக்களித்தார்கள்.

பிறகு வழக்கு வந்தது. கமலா ஜான் சட்டப்படி பெண் அல்ல என்று சொல்லி, தேர்தல் செல்லாது என்று தீர்ப்பானது. 2003இல் உயர் நீதிமன்றமும் அதையே சொன்னது. பதவி போயிற்று.

அடுத்த கதை மகாராஷ்டிரத்தில், ஜல்காவ் மாவட்டத்தில் ஒரு கிராமம். 2021இல் பஞ்சாயத்துத் தேர்தல். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் அஞ்சலி என்ற திருநங்கை மனு கொடுத்தார். அதிகாரி மனுவைத் தள்ளினார். அஞ்சலி உயர் நீதிமன்றம் போனார். 2014 தீர்ப்பை எடுத்துக்காட்டி, அவர் பெண்ணாகப் போட்டியிடலாம் என்று நீதிமன்றம் சொன்னது. இனி எந்த ஆதாயத்துக்காகவும் ஆண் என்று மாறிச் சொல்லமாட்டேன் என்று அவர் தந்த உறுதியையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. தேர்தலில் அஞ்சலி வென்றார்.

இரண்டு ஊரிலும் கேள்வி ஒன்றுதான். பெண்களுக்கு என்று ஒதுக்கிய இடத்தில் யார் நிற்கலாம்? விடை மட்டும் மாறியது. இடையில் 18 ஆண்டுகள் ஓடியிருந்தன. சட்டமும் நகர்ந்திருந்தது.

2023இல் மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்று அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. அப்படியானால் இந்தக் கேள்வி கிராமத்தோடு நிற்காது. ஆகவே பெண்கள் இதைப் பற்றி யோசிக்கத்தான் வேண்டும்.

தராசின் இரண்டு தட்டுகள்

காய்கறி வாங்கும்போது பெண்கள் தராசைக் கவனிப்பார்கள். முள் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். வாக்குப் போடும்போதும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

ஒரு பெண் இப்படிச் சொல்லலாம்: "பஞ்சாயத்தில் இடம் பெறப் பெண்கள் எவ்வளவு பாடுபட்டார்கள்! பெண் பெயரில் கணவனே நாற்காலியில் உட்காரும் ஊர் இன்னும் இருக்கிறது. இருக்கும் கொஞ்ச இடமும் குறைந்துவிடக் கூடாதே."

இந்தக் கவலையைக் கேலி செய்து தள்ளிவிட முடியாது. அதில் உண்மை இருக்கிறது.

இன்னொரு பெண் இப்படிச் சொல்லலாம்: "பெண்ணின் இடத்தைப் பறிப்பவர் திருநங்கையா, பின்னால் இருந்து ஆட்டுவிக்கும் ஆணா? தெருவில் கேலி, வீட்டில் அடி, இரவில் பயம். இவை பெண்ணுக்கும் உண்டு, திருநங்கைக்கும் உண்டு. ஒரே அடி வாங்குகிறவர்கள் ஒருவரை ஒருவர் விரட்டலாமா?"

இதிலும் உண்மை இருக்கிறது.

தீர்வு ஒன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. திருநங்கைகளுக்குத் தனியாக ஒரு பங்கு கொடுத்தால், பெண்களின் பங்கில் கை வைக்க வேண்டியதில்லை. கர்நாடக அரசு 2021இல் அரசு வேலையில் இப்படிச் செய்தது. பொதுப் பிரிவு, பின்தங்கிய பிரிவு, தாழ்த்தப்பட்ட பிரிவு என ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் நூற்றுக்கு ஒரு இடம் என்று ஒதுக்கியது. தேர்தலிலும் இப்படிச் செய்யலாமா என்று வேட்பாளரிடம் கேட்கலாம்.

அடுத்தது பாதுகாப்பு. 2019இல் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. திருநங்கையைப் பாலியல் கொடுமை செய்தால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை என்று அதில் எழுதப்பட்டது. பெண்ணைப் பலாத்காரம் செய்தால் குறைந்தது பத்து ஆண்டு சிறை. உடம்பு நோவது இருவருக்கும் ஒன்றுதானே, தண்டனை ஏன் இவ்வளவு குறைவு என்று அப்போது பலரும் கேட்டார்கள்.

பொதுக் கழிப்பறை பற்றியும் பேச்சு வருகிறது. சில பெண்களுக்குத் தயக்கம் இருக்கிறது. திருநங்கைக்கோ ஆண்கள் பக்கம் போகப் பயம். இருவருக்கும் வேண்டியது என்ன? தாழ்ப்பாள் உள்ள கதவு. விளக்கு. தண்ணீர். பக்கத்தில் காவலுக்கு ஓர் ஆள். இவை இருந்தால் பாதிப் பயம் போய்விடும். பல ஊர்களில் இவைதான் இல்லை. தவறு செய்கிறவன் யாராக இருந்தாலும், எந்த வேஷத்தில் வந்தாலும் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது.

கடைசியாக வீடு. திருநங்கை வானத்திலிருந்து விழுவதில்லை. ஒரு தாயின் வயிற்றில்தான் பிறக்கிறார். பிள்ளையின் போக்கு வேறு என்று தெரிந்ததும் பல வீடுகளில் அடித்துத் துரத்துகிறார்கள். படிப்பு நிற்கிறது. வேலை கிடைப்பதில்லை. கடைவீதியில் கை நீட்ட வேண்டியதாகிறது. தமிழ்நாட்டில் 2008இல் இவர்களுக்காக நலவாரியம் அமைந்தது. எல்லா மாநிலத்திலும் அப்படி இல்லை. ஒரு தாய் வாக்குப் போடும்போது, "என் பிள்ளை இப்படிப் பிறந்திருந்தால்?" என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம்.

ஆளைப் பார்ப்பதா, வேலையைப் பார்ப்பதா?

ஷப்னம் மௌசி என்ற ஹிஜ்ரா, 1998 முதல் 2003 வரை இருந்த மத்தியப் பிரதேசச் சட்டமன்றத்தில் சோஹாக்பூர் தொகுதியின் உறுப்பினராக இருந்தார். இந்தியாவில் சட்டமன்ற உறுப்பினரான முதல் ஹிஜ்ரா அவர்தான். மௌசி என்றால் அம்மாவின் கூடப்பிறந்தவள். அந்த ஊர் பழைய விந்தியப் பிரதேசத்தைச் சேர்ந்தது. பெண்கள் பெயர் சொல்லத் தயங்கிய அதே பக்கத்தில், ஒரு ஹிஜ்ராவை மக்கள் தங்கள் பெயரால் பேச அனுப்பினார்கள்.

2015இல் சத்தீஸ்கர் மாநிலம் ராய்கரில் மது பாய் கின்னர் மேயரானார். கட்சி இல்லாமல் சுயேச்சையாக நின்று, நாலாயிரத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

அந்தக் காலத்துத் தேர்தல்களில் ஹிஜ்ரா வேட்பாளர்கள் சிலர் இப்படிப் பேசினார்கள்: "எங்களுக்குப் பிள்ளை இல்லை, குட்டி இல்லை. யாருக்காகச் சொத்துச் சேர்க்கப் போகிறோம்?" கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நேர்மை என்பது பிள்ளை இருப்பதிலும் இல்லாமல் இருப்பதிலும் வருவதல்ல. பெண் என்பதாலேயே ஒருவர் நல்ல தலைவி ஆகிவிடமாட்டார். திருநங்கை என்பதாலேயே ஒருவர் கெட்டவர் ஆகிவிடவும் மாட்டார். தண்ணீர் வந்ததா? சாலை போட்டார்களா? ரேஷன் ஒழுங்காகக் கிடைத்ததா? கூலி முழுதாக வந்ததா? கணக்கை எல்லாரும் பார்க்கும்படி வைத்தார்களா? இவற்றைத்தான் கேட்க வேண்டும்.

பெண்ணின் தராசில் குடிநீர் உண்டு. சாராயக் கடை உண்டு. பிள்ளையின் பள்ளிக்கூடம் உண்டு. இந்தக் கேள்வியும் அவற்றோடு ஒன்றாக இருக்கட்டும். இது ஒன்றை மட்டும் சொல்லிப் பயம் காட்டி வாக்குக் கேட்பவர், மற்றவற்றை மறைக்கிறாரா என்று பார்க்க வேண்டும். இது ஒன்றை மட்டும் சொல்லிக் கைதட்டல் வாங்குபவரிடமும் அதையே கேட்க வேண்டும்.

வாக்கு உன்னுடையது

வாக்கு ரகசியம். கணவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலைவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பணம் கொடுத்தவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. யாரையும் பிடிக்காவிட்டால், 2013 முதல் அதற்கும் இயந்திரத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது.

அன்று 28 லட்சம் பெண்கள் பெயர் சொல்லாததால் வாக்கு இழந்தார்கள். அவர்களின் பேத்திகள் இன்று பெயரை எழுதுகிறார்கள். பெயர் இல்லாமல் இருப்பது எப்படிப்பட்டது என்று பெண்ணுக்குத் தெரியும். அந்த நினைவோடு வாக்குச் சாவடிக்குப் போங்கள்.

சேர்ந்து பேசுங்கள்

1. உங்கள் வாக்காளர் பட்டியலில் யார் யார் பெயர் விடுபட்டிருக்கிறது? சேர்க்க என்ன செய்யலாம்?

2. பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் திருநங்கை நிற்கலாமா? தனி இடம் நல்லதா? இரண்டு பக்கமும் பேசிப் பாருங்கள்.

3. அடுத்த தேர்தலில் வேட்பாளரிடம் கேட்க மூன்று கேள்விகளை எழுதுங்கள்.