கடவுள் பார்க்கவில்லை, காமிரா பார்த்தது!

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தோழர்களே!

ஊரில் ஒரு கொலை நடந்தால், "அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக் கொள்வது நம் மக்களின் வழக்கமாயிருக்கிறது. இது எவ்வளவு பெரிய ஏமாற்று என்பதற்குக் கோகுல்ராஜ் கொலைக் கேஸ் ஒன்றே போதுமென்கிறோம்.

2015 ஜூன் 23-ந் தேதி திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோவிலில், 21 வயதுள்ள ஆதிதிராவிட வாலிபர் கோகுல்ராஜ், தம்முடன் படித்த கவுண்டர் வகுப்புப் பெண்ணோடு பேசிக் கொண்டிருந்தார். அவர் செய்த குற்றம் இவ்வளவுதான். அங்கிருந்து கடத்தப்பட்ட அவர், மறுநாள் பள்ளிப்பாளையம் அருகே ரயில் பாதையில் தலை வேறு உடல் வேறாகக் கிடந்தார். ஆணும் பெண்ணும் சரிபாதி என்று கும்பிடப்படும் அச்சாமி, தன் சந்நிதியிலிருந்து ஒருவனைக் கொண்டு போகும்போது வாய் திறந்ததா? மனிதன் செய்து மாட்டிய காமிராவல்லவா பார்த்தது! அதுவல்லவா கோர்ட்டிலும் சாட்சியாயிற்று!

தாயார் விடாது போராடியதால் கேஸ் நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டது. 2022 மார்ச்சில் மதுரைத் தனிக்கோர்ட்டு, ஜாதிச் சங்கத் தலைவர் யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்து, 5 பேரை விடுதலை செய்தது. தண்டனையடைந்தோர் ஐகோர்ட்டின் மதுரைக் கிளைக்கு அப்பீல் செய்தனர். விடுதலையை எதிர்த்துத் தாயாரும் அப்பீல் செய்தார். ஜட்ஜுகள் எம்.எஸ். ரமேஷ், என். ஆனந்த் வெங்கடேஷ் இருவரும் கோவிலையும் ரயில் பாதையையும் நேரில் சென்று பார்த்தார்கள். 2023 ஜூன் 2-ந் தேதி 8 பேரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தார்கள். இருவருக்கு 5 வருஷமாகக் குறைத்தார்கள். ஐவரின் விடுதலையும் நிலைத்தது. குறைத்ததில் நாம் குறை காணவில்லை. ருசு இருந்தால் தண்டனை, இல்லாவிட்டால் விடுதலை என்பதே பகுத்தறிவு. பழிக்குப் பழி கேட்பது ஜாதி வெறியன் வேலை.

ஆனால் வெட்கப்படத்தக்க சங்கதி ஒன்றுண்டு. உடனிருந்த பெண்ணே பிறழ் சாட்சியானார். ஐகோர்ட்டில் படத்தைப் போட்டுக் காட்டியபோதும், அதிலிருப்பது தாமல்ல என்றார். அவர் ஒருவரை ஏசிவிட்டு நாம் தப்பித்துக் கொள்ள முடியுமா? உண்மை சொன்னால் நாளை எந்தத் தெருவில் வாழ்வது என்று பெண்கள் அஞ்சும்படி ஊர்களை வைத்திருப்பது யார்? காமிரா இல்லாதிருந்தால் இக்கேஸ் என்னவாகியிருக்கும்?

தோழர்களே! விருதுநகர் ஜில்லாவின் தலைமைச் செஷன்ஸ் கோர்ட்டு உங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. அங்கே கூண்டேறுபவர்கள் உங்கள் ஊரார். அத்தீர்ப்பின் மேல் அப்பீல் போவதும் அதே மதுரைக்குத்தான். அப்பீலில் பெரும்பாலும் கீழ்க்கோர்ட்டில் பதிவானதைத்தான் நிறுத்துப் பார்ப்பார்கள். நீங்கள் கூண்டில் விழுங்கிய உண்மையை எந்த ஐகோர்ட்டு வெளியே எடுக்கும்?

ஆண்டாள் தன் மனம் விரும்பியவனுக்கே மாலையிட்டாள் என்று ஆடிப்பூரத்தில் தேர் இழுக்கிறீர்கள். அதையே வீட்டுப் பெண் செய்தால் அரிவாளைத் தேடுவோர் உங்களில் இல்லையா? சிலைக்குக் கொடுத்த உரிமையை, சதையும் ரத்தமுமுள்ள பெண்ணுக்குக் கொடுக்கக் கூடாதா? கொடுங்கள். அதற்காக எவனாவது அரிவாள் எடுத்தால், தெய்வம் நின்று கொல்லுமென்று காத்திராமல், கண்டதைக் கண்டபடி கோர்ட்டில் வந்து சொல்லுங்கள். நாம் உங்களைக் கேட்டுக் கொள்வது இவ்வளவே.