பழுக்க வெயில் எதற்கு?

இங்கிலாந்தில் தோட்டம் போட இடமில்லாதவர்களுக்கு நகரசபையே துண்டு நிலங்களைக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கிறது. 'அலாட்மென்ட்' என்பார்கள். செப்டம்பர் வந்தால் அங்கே ஒரே அவசரம். இரவுக் குளிர் ஏறுகிறது. ஓர் இரவு உறைபனி விழுந்தால் போதும், தக்காளிச் செடி கருகிவிடும். ஆனால் செடி நிறையப் பச்சைக் காய்!

என்ன செய்வது? பறித்துவிட வேண்டியதுதான். பலர் அதை ஜன்னலோரம் வெயிலில் அடுக்குகிறார்கள். அந்த ஊரில் வெயில் கிடைத்தால்தானே! தக்காளி பழுக்க வெயில் வேண்டாம். கதகதப்பு போதும். காயிலிருந்தே எத்திலீன் என்ற வாயு வரும். அதுதான் பழுக்க வைக்கிறது.

நம் வீடுகளில் மாங்காயை அரிசிப் பானையில் புதைத்து வைப்பார்களே. பானைக்குள் ஏது வெயில்? வாயு வெளியே போகாமல் தங்குகிறது, அவ்வளவுதான். தக்காளிக்கும் அப்படியே. காகிதப் பையில் காய்களைப் போடுங்கள். கூடவே ஒரு பழுத்த வாழைப்பழம். அதுவும் அந்த வாயுவைத் தரும். தினமும் பாருங்கள். அழுகினதை உடனே எடுத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜில் மட்டும் வேண்டாம். குளிரில் பழுக்காது. வெயில் வேண்டாம், கதகதப்பு வேண்டும்.

ரொம்பப் பிஞ்சு எப்படி வைத்தாலும் பழுக்காது. அதை இங்கிலாந்துக்காரர்கள் வினிகரும் சர்க்கரையும் சேர்த்துச் சட்னி கிண்டிவிடுகிறார்கள். நமக்கென்ன, புளியும் மிளகாயும் போட்டால் தொக்கு!